லடாக் போறதுக்கு முன்னாடி கண்ணுக்கு லேசர் பண்ணிக்கலாமா?

திருப்பூர் புல்லட்:

வணக்கம்ங்க. வயசு 29. வலது கண் மைனஸ் 5.5, இடது மைனஸ் 6. ஏழாவது படிக்கறப்போ மூக்குல ஏறின கண்ணாடி, இன்னும் எறங்கலை.

போன மாசியில வெள்ளியங்கிரி போனேன். பூண்டியில ராத்திரி பத்து மணிக்கு ஏற ஆரம்பிச்சோம். மேல போகப் போக ஒரே பனி. பத்தடிக்கு ஒருதரம் கண்ணாடியைத் துடைச்சேன், கடைசியில துடைக்கிற துண்டே நனைஞ்சு போச்சு. ஆண்டி சுனையில குளிக்கறப்போ கழட்டிப் பாறை மேல வெச்சதை யாரோ மிதிச்சுட்டாங்க. ஒரு பக்கக் கம்பி போச்சு. எறங்கறப்போ ஒரு கையில மூங்கில் குச்சி, மறு கை கண்ணாடியைப் பிடிச்சுக்கறதுக்கு. முட்டி என்ன பாடுபட்டிருக்கும்னு நீங்களே நெனச்சுக்குங்க.

இப்ப ஜூன் 20 மணாலி வழியா லே, பைக்ல. மே கடைசியில லேசிக் பண்ணினா மூணு வாரம் இருக்கு. போதுங்களா? கான்டாக்ட் லென்ஸ் ஆகலைங்க, தாராபுரம் ரோட்டுப் புழுதிக்கே கண்ணு செவந்துருச்சு.

அண்ணாநகர் அக்கா:

தம்பி, நான் 2019ல பண்ணிக்கிட்டேன். எனக்குக் கருவிழி மெல்லிசு, லேசிக் வேண்டாம்னு சொல்லி பிஆர்கே பண்ணாங்க. மேல்தோலை எடுத்துட்டு லேசர் அடிக்கிற முறை. முதல் மூணு நாள் கண்ணுல மொளகாய்த்தூள் விழுந்த மாதிரி எரிச்சல். ஜன்னலுக்குப் போர்வை கட்டிட்டு ரேடியோ கேட்டுட்டுக் கெடந்தேன். பார்வை நல்லாத் தெளிய ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. மூணு வாரத்துல லடாக்கா? நான் சமையல்கட்டைத் தாண்டவே யோசிச்சேன்.

ஆனா அதுக்கப்புறம் ஊர் சுத்தற சொகமே வேற. முன்னாடி ரயில்ல கண்ணாடியைச் செருப்புக்குள்ள வெச்சுட்டுத் தூங்குவேன், என்ன ஸ்டேஷன்னு தெரியணும்னா யாரையாவது எழுப்பணும். ஆறு மாசம் கழிச்சு நெல்லை எக்ஸ்பிரஸ்ல, விடியக்காலம் லோயர் பெர்த்துல படுத்தபடியே மஞ்சப் பலகையில ‘கோவில்பட்டி’ன்னு படிச்சேன். அதே பயணத்துல குற்றாலம். ஐந்தருவிக்கு அஞ்சு கிளைன்னு அதுவரைக்கும் ஊர் சொன்னதை நம்பிக்கிட்டு இருந்தவ, அன்னிக்கு நின்னு எண்ணிப் பாத்தேன்.

குறையும் சொல்லிடறேன். ராத்திரி கார் ஓட்டினா எதிர்ல வர்ற லாரி லைட்டைச் சுத்தி இன்னும் ஒரு வட்டம் தெரியுது. விமானத்துல கண்ணு காய்ஞ்சு போகும், சொட்டு மருந்து கைப்பையிலயேதான்.

கண் பரிசோதகன்:

ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். தம்பி, தேதியைத் தள்ளிப் போடுங்கள். லேசிக்கில் கருவிழியின் மேல் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி மூடுவார்கள். தையல் கிடையாது. ஹெல்மெட் மாட்டும்போது கை பட்டாலோ, புழுதி விழுந்து கண்ணைக் கசக்கினாலோ மடல் நகரலாம். வழியில் யாரிடம் காட்டுவீர்கள்? வெட்டும்போது நரம்பிழைகளும் அறுபடுவதால் சில மாதங்களுக்குக் கண் வறட்சி இருக்கும். லே ஏற்கெனவே வறண்ட ஊர், 3,500 மீட்டர் உயரம்.

அக்காவைப் போல பிஆர்கே என்று முடிவானால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே புற ஊதாக் கதிர் அதிகம், ஆறுகிற கருவிழியில் அது பட்டால் மங்கல் படியக்கூடும். கூடவே ஸ்டீராய்டு சொட்டு பல வாரம் போடுவதால் கண் அழுத்தத்தையும் பார்க்க வரச் சொல்வார்கள்.

உயரத்தில் பார்வை போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால், அது பழைய கதை. 1996ல் எவரெஸ்டில் பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்க டாக்டருக்கு அப்படி ஆனது உண்மை. அவர் செய்துகொண்டது கத்தியால் கருவிழியில் ஆரம் ஆரமாகக் கீறும் ரேடியல் கெரட்டாட்டமி. ஆக்சிஜன் குறையும்போது கீறிய கருவிழி வீங்கி வடிவம் மாறிவிடும். நன்றாக ஆறிய லேசிக் கண்ணில் அந்த அளவு மாற்றம் வருவதில்லை.

பவர் ஒரு வருடமாக மாறாமல் இருக்கிறதா என்று பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். பரிசோதனை அன்று கண் பாப்பாவை விரிக்க மருந்து விடுவார்கள், பைக்கில் போகாதீர்கள். பவர் போனாலும் மைனஸ் 6 கண்ணின் விழித்திரை அதேதான், வருடா வருடம் காட்ட வேண்டும்.

ரெண்டு கண்ணாடிக்காரன்:

நம்மளை ஸ்கேன்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. கருவிழி கூம்பு மாதிரி துருத்துதாம், லேசர் பட்டா இன்னும் மோசமாகுமாம். பண்றவங்க பண்ணட்டும், எனக்குப் பொறாமை இல்லை (கொஞ்சம் உண்டு). ஜூனுக்கு நீங்களும் என் வழிதான்: பின்னாடி இழுத்துக் கட்டற கயிறு, பையில இன்னொரு கண்ணாடி, போன்ல பவர் சீட்டு போட்டோ. ஹெல்மெட் மாட்டறப்போ வளையாத மெல்லிசுக் கம்பி பிரேமா வாங்குங்க.

திருப்பூர் புல்லட்:

எல்லாருக்கும் நன்றிங்க. லடாக் கண்ணாடியோடவேதான். திரும்பி வந்து ஆவணியில ஸ்கேன் எடுக்கறேன், முடியும்னா ஐப்பசிக்குள்ள பண்ணிட்டு அடுத்த மாசிக்கு மறுபடி வெள்ளியங்கிரி. அக்கா, ஒரே ஒரு கேள்வி: தலைக்கு எத்தனை நாள் தண்ணி ஊத்த விடலை? எங்கம்மா இப்பவே கேக்கறாங்க.