ஸ்டார் டிரெக் கதைகளுக்குள் இருக்கும் தொடர்புகளைப் படமாக வரைவது எப்படி?

தூரத்துக்கோள்:
தொடர்களாகவும் படங்களாகவும் வரும் விண்வெளிக் கதையான ஸ்டார் டிரெக்கில் எந்தக் கதை எந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு படம் போட்டு வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். மரபணு மாற்றி உருவாக்கப்பட்ட வில்லன் கான் முதலில் வரும் 1967-இன் 'ஸ்பேஸ் சீட்' எபிசோடிலிருந்து 1982-இல் வந்த 'தி ராத் ஆஃப் கான்' படத்துக்கு ஒரு கோடு. அதுவரை சுலபமாக இருந்தது. அப்புறம் 'தி தோலியன் வெப்' வந்தது. 1968-இல் ஒளிபரப்பான அந்தக் கதையில் டிஃபையன்ட் என்ற கப்பல் காணாமல் போகிறது. 2005-இல் வந்த 'இன் எ மிரர், டார்க்லி'யில் அதே கப்பல் கண்ணாடிப் பிரபஞ்சத்தில் (அதே ஆட்கள் கொடூரமானவர்களாக இருக்கும் இணைப் பிரபஞ்சம்), அதுவும் நூறு வருடங்களுக்கு மேல் முந்தைய காலத்தில் போய் நிற்கிறது. அம்பை எந்தப் பக்கம் திருப்புவது? ஆண்டு வரிசையில் அடுக்கினால் கதை வருடமா, ஒளிபரப்பான வருடமா? இன்னொன்று, ஒரு பாத்திரம் இன்னொரு தொடரில் எட்டிப்பார்த்தாலே கோடு போட வேண்டுமா? போட்டால் படம் முழுக்கக் கறுத்துவிடுகிறது.

பழையவார்ப்:
கடைசிக் கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக அடங்கும். நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: முந்தைய கதையை உருவிவிட்டால் பிந்தையது நிற்குமா? 'ஸ்பேஸ் சீட்' இல்லாமல் கானின் கோபத்துக்கு அர்த்தமே இல்லை, அது தடித்த கோடு. 'மிரர், மிரர்' (1967) கதைக்கும் 1994-இல் டீப் ஸ்பேஸ் நைன் என்ற பிந்தைய தொடரில் வந்த 'க்ராஸ்ஓவர்' கதைக்கும் இடையிலும் அப்படித்தான். முதல் கதையின் முடிவில் கண்ணாடிப் பிரபஞ்சத்து ஸ்பாக்கிடம் நம் கப்பல் தலைவர் கிர்க் சீர்திருத்தம் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார். அந்தப் பேச்சைக் கேட்டு ஸ்பாக் பேரரசை மாற்றியதால்தான் அது பலவீனமாகிக் கிளிங்கான் - கார்டேசியன் என்ற வேற்றுக்கிரக இனங்களின் கூட்டணியிடம் வீழ்ந்தது என்று 27 வருடம் கழித்து இன்னொரு தொடர் கணக்குக் கேட்கிறது. இந்த மாதிரித் தொடர்பைக் காட்டத்தான் இப்படி ஒரு படமே போட வேண்டும். யாரோ வந்து கைகுலுக்கிவிட்டுப் போனால் அதற்குப் புள்ளிக்கோடு போதும், அல்லது கோடே வேண்டாம்.

ராக்கோழி:
வருடம் விஷயத்தில் என் கருத்து, தயாரித்த வரிசைதான். கதைக்குள் இருக்கும் வருடத்தை நம்பினால் பைத்தியம் பிடிக்கும். 'ஒளிபரப்பு' என்று சொல்லாமல் 'தயாரிப்பு' என்று சொல்வதற்குக் காரணம் 'தி கேஜ்'. 1965 தொடக்கத்திலேயே தயாராகிவிட்ட முன்னோட்டக் கதை அது. தொலைக்காட்சி நிறுவனம் வேண்டாம் என்றதும் அதன் காட்சிகளை வெட்டி 1966-இல் 'தி மெனாஜெரி' என்ற இரண்டு பகுதிக் கதைக்குள் வைத்தார்கள். முழுதாக ஒளிபரப்பானது 1988-இல். ஒளிபரப்பு வருடத்தை வைத்து அடுக்கினால் தாய்க்கதை குழந்தைக்கு 22 வருடம் பின்னால் போய் உட்காரும்.

தூரத்துக்கோள்:
சரி, ஆனால் 'ராத் ஆஃப் கான்' படத்தில் கான் கிர்க்கின் குழுவில் இருந்த செக்கோவைப் பார்த்ததும் அடையாளம் சொல்கிறானே? 'ஸ்பேஸ் சீட்' வந்தபோது செக்கோவ் தொடரிலேயே கிடையாது, இரண்டாவது சீசனில்தான் வருகிறார். தயாரிப்பு வரிசையில் பார்த்தால் இது ஓட்டையாகத்தான் தெரிகிறது.

ராக்கோழி:
தெரியட்டுமே. ஓட்டையை ஓட்டையாகக் காட்டுவதும் படத்தின் வேலைதான். கதைக்குள் இருக்கும் கால வரிசையை நம்புகிறவர்கள் இதற்கு ஒரு ஒட்டு வைத்திருக்கிறார்கள்: செக்கோவ் இருக்கும் 'கேட்ஸ்பா' எபிசோடின் ஸ்டார்டேட் (கதைக்குள் சொல்லும் தேதி எண்) 3018.2, 'ஸ்பேஸ் சீட்' அதற்குப் பிந்தைய 3141.9. ஆக அவர் அப்போதே கப்பலில் எங்கோ கீழ்த்தளத்தில் இருந்தார், நமக்குத்தான் காட்டவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதியவர்கள் அதை நினைத்து எழுதவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பழையவார்ப்:
இதில் நான் ராக்கோழியோடு பாதி தூரம்தான் வருவேன். பெட்டிகளை அடுக்கத் தயாரிப்பு வருடம் சரி. ஆனால் அம்புக்கு நிறம் இரண்டு வேண்டும்: ஒன்று, பிந்தைய கதை முந்தையதைத் தொடர்வது, இன்னொன்று, பிந்தைய கதை திரும்பிப் போய் முந்தையதற்குக் காரணம் சொல்வது. கிளிங்கான்களின் நெற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளில் அவர்களுக்கு மேடில்லாத நெற்றி, 1979 படத்திலிருந்து முகடு. 1996-இல் 'ட்ரயல்ஸ் அண்ட் ட்ரிபிள்-ஏஷன்ஸ்' கதையில் டீப் ஸ்பேஸ் நைன் குழு, ட்ரிபிள் என்ற குட்டி ரோமப் பிராணிகள் வரும் 1967 கதைக்குள்ளேயே நுழைகிறது, பழைய காட்சிகளில் புதிய நடிகர்களைக் கணினியில் பொருத்திய கதை அது. அங்கே பழைய கிளிங்கான்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் குழுவில் இருக்கும் கிளிங்கானான வொர்ஃபைத் திரும்பிப் பார்க்க, அவர் அதை வெளியாட்களிடம் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறார். அங்கேயே விட்டிருக்கலாம், எனக்கு அந்த நகைச்சுவை போதும். 2005-இல் 'அஃப்ளிக்ஷன்', 'டைவர்ஜென்ஸ்' இரண்டும் உட்கார்ந்து விளக்குகின்றன: மனிதர்களின் மரபணு மாற்றத்தைத் தங்கள் வீரர்களுக்குப் புகுத்தப் போய் நோய் பரவியது, அதை நிறுத்திய சிகிச்சை நெற்றியைத் தட்டையாக்கியது. அந்த மரபணு எங்கிருந்து வந்தது? கானின் காலத்துக் கருக்களிலிருந்து, 2004-இல் 'பார்டர்லேண்ட்' தொடங்கிய மூன்று எபிசோட் வழியாக. ஆக 'ஸ்பேஸ் சீட்' பெட்டியிலிருந்து கிளிங்கான் நெற்றி வரைக்கும் ஒரு பாதை இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் பின்னோக்கிய அம்புகள்.

கோடுகிழிப்பவன்:
கருவி பற்றி யாரும் சொல்லவில்லையே. கையால் வரையாதீர்கள், ஒவ்வொரு புதுக் கோட்டுக்கும் எல்லாப் பெட்டியையும் நகர்த்த வேண்டியிருக்கும். கிராஃப்விஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். ஒரு எழுத்துக் கோப்பில் வரிக்கு ஒரு அம்பு என்று எழுதினால் இடத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கண்ணாடிப் பிரபஞ்சம், 2009 படத்திலிருந்து பிரிந்த கெல்வின் என்ற மாற்றுக் காலக்கோடு இவற்றை ஆளுக்கொரு கிளஸ்டரில் (பெட்டிகளைச் சேர்த்துக் கட்டும் கட்டம்) போட்டுவிடுங்கள், டிஃபையன்ட் அம்பு ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாய்வது அப்படியே தெரியும். சுழற்சி வந்தாலும் பயமில்லை. 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' (1996) படத்தில் 2063-க்குப் போய் உடைந்த, 'போர்க்' (Borg) என்ற பாதி இயந்திர எதிரி இனத்தின் கப்பல் துண்டுகள் 2003-இல் வந்த 'ரீஜெனரேஷன்' எபிசோடில் பனிக்குள்ளிருந்து கிடைக்கின்றன, அங்கிருந்து போர்க் தங்கள் ஊருக்கு அனுப்பும் செய்தி போய்ச்சேர 200 வருடமாவது ஆகும். அதாவது போர்க் நம்மைத் தேடி வரும் காலத்துக்கே திரும்ப வந்துவிடுகிறது. இந்த வட்டத்தையும் அது வரைந்து கொடுக்கும்.

தூரத்துக்கோள்:
இரண்டு நிறம், கிளஸ்டர், இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் பாக்கி. 'ஸ்பேஸ் சீட்' கானின் ஆட்சியை 1990-களில் வைக்கிறது. 2023-இல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடரில் வந்த 'டுமாரோ அண்ட் டுமாரோ அண்ட் டுமாரோ' அவனை 21-ஆம் நூற்றாண்டு டொராண்டோவில் சின்னப் பையனாகக் காட்டுகிறது, காலத்தில் யாரோ கைவைத்ததால் தள்ளிப்போனது என்று. பழைய பெட்டியில் வருடத்தை மாற்றிவிடவா?

ராக்கோழி:
கை வைக்காதீர்கள். அந்தப் பெட்டியில் 1990-கள் என்றே இருக்கட்டும், அந்தக் கதை சொன்னது அதுதானே. 2023 பெட்டியிலிருந்து பின்னோக்கிய நிறத்தில் ஒரு அம்பு விட்டு, வருடம் தள்ளிப்போனதை அந்த அம்பின் மேல் எழுதுங்கள். நாளைக்கு இன்னொருவர் வந்து திரும்ப மாற்றினால் இன்னொரு அம்பு.