நயினாதீவுக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு ரவுணுக்குத் திரும்பலாமா?

கொட்டடியான்:
கொழும்பில் வேலை பார்க்கிற சென்னைத் தம்பி ஒருவர், நண்பரோடு சனி ஞாயிறு யாழ்ப்பாணம் வந்து போன கதையை எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையில் பஸ் ஏறி, விடிய இங்கே இறங்கி, ஞாயிறு இரவு திரும்பிப் போயிருக்கிறார். வந்தது சந்தோசம். ஆனால் அதில் இப்படி ஒரு வரி: "சனிக்கிழமை காலை பஸ்ஸில் நயினாதீவு போய், அம்மன் கோயிலையும் புத்த விகாரையையும் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு டவுனுக்கு வந்துவிட்டோம். யாழ்ப்பாண நகரத்துக்கு ஒரு வாரக்கடைசி தாராளம்."

இதை வாசித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. தம்பி, பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று முப்பது கிலோமீற்றருக்கு மேல் போனால்தான் குறிகட்டுவான் படகுத்துறை. 776 பஸ் ஒவ்வொரு சந்தியிலும் ஆளை ஏற்றி இறக்கித்தான் போகும், ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. அங்கே படகு உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்காது, ஆள் நிரம்பினால்தான் வெளிக்கிடும். பிறகு கடலில் இருபது நிமிடம் வரும். திரும்பி வர இதே கணக்கு இன்னொருமுறை. அதிலும் சனிக்கிழமை, தெற்கிலிருந்து யாத்திரை பஸ்கள் வரிசையாக வந்து நிற்கிற நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரவுணுக்குத் திரும்ப ஏலாது. ஏலாது என்றால் ஏலாது.

அடையாறு_வாசி:
எழுதியது நான்தான் அண்ணா. பொய் எழுத எனக்கு என்ன அவசியம்? விடியற்காலையில் இறங்கி, பையை ரூமில் போட்டு, குளித்துவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டோம். ஒன்றரை மணிக்கு டவுனில் சோறும் நண்டுக் கறியும் சாப்பிட்டோம், எடுத்த படத்திலேயே நேரம் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவனுக்குக் கிடைப்பது சனி ஞாயிறு மட்டும்தான். அதற்குள் எவ்வளவு பார்க்க முடிகிறதோ அவ்வளவு பார்த்தோம், இதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று புரியவில்லை.

கொட்டடியான்:
நண்டுக் கறியின் படம் நீங்கள் நண்டு சாப்பிட்டதற்குத்தான் சாட்சி. நயினாதீவுக்குப் போனதற்கும் பஸ்ஸில் திரும்பியதற்கும் அது சாட்சி இல்லை. எத்தனை மணி பஸ்ஸில் ஏறினீர்கள், எத்தனை மணிப் படகில் திரும்பினீர்கள் என்று சொல்லுங்கள்.

வேலணையூரான்:
கொட்டடி அண்ணை, தீவுப் பக்கம் கடைசியாக எப்போது வந்தீர்கள்? நான் வேலணையிலிருந்து அந்த வழியால் நாளாந்தம் வேலைக்குப் போய் வருகிறவன். விடிய வெளிக்கிட்டால் மத்தியானத்துக்கு முன் திரும்பலாம். எங்கள் சனம் நயினாதீவிலிருந்து காலையில் படகேறி ரவுணில் அலுவல் முடித்து அன்றைக்கே திரும்புகிறது. எங்கள் பிள்ளைகள் இந்தப் பாதையால் பள்ளிக்கூடம் போய்ப் படித்து ஆளாகினார்கள். ரவுண்காரருக்குப் பண்ணைப் பாலத்துக்கு அங்கால எல்லாமே தூரம். தீவான் என்று எங்களை ஒதுக்கி வைத்துக் கதைத்த வாய்களுக்குத் தீவு இப்போதும் எட்டாத தூரமாகத்தான் இருக்கும்.

கொட்டடியான்:
நான் யாரையும் தீவான் என்று சொல்லவில்லை, என் வாயில் இல்லாத சொல்லை என் தலையில் கட்ட வேண்டாம். நீங்கள் சொல்வது அலுவலுக்குப் போய் வருகிற சனத்தின் கதை. அவர்கள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி, சேட்டைக் கழற்றி, அர்ச்சனை செய்து, விகாரை வரைக்கும் நடந்து, படம் எடுத்துக்கொண்டு நிற்பதில்லை. நான் கேட்டது சுற்றிப் பார்க்க வந்த ஆளிடம். எத்தனை மணி பஸ்?

பருத்தித்துறைப்பிள்ளை:
இரண்டு பேரும் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்கு ஆத்திரம் வந்தது மற்ற வரியில். "ஒரு வாரக்கடைசி தாராளம்" என்கிறார். பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில் நின்றாரா? சக்கோட்டை முனையில் இலங்கையின் வடக்கு எல்லையைப் பார்த்தாரா? கீரிமலைக் கேணியில் இறங்கினாரா? கடல் ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருக்க, சுவருக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீரில் குளிக்கிறோமே, அதைத் தவறவிட்ட ஆளுக்கு யாழ்ப்பாணம் முடிந்துவிட்டதா? கந்தரோடையில் அந்தச் சின்னச் சின்னத் தூபிகள்? எங்கள் ஊர்த் தட்டைவடையாவது வாங்கிப்போனாரோ தெரியாது.

அடையாறு_வாசி:
அக்கா, நான் நகரம் என்றுதான் எழுதினேன். கோட்டை, நூலகம், நல்லூர், சங்கிலியன் தோப்பு, மந்திரி மனை எல்லாம் பார்த்தோம். பருத்தித்துறை நகரத்துக்குள்ளா இருக்கிறது?

பருத்தித்துறைப்பிள்ளை:
நயினாதீவு மட்டும் நகரத்துக்குள்ளே இருக்கிறதோ? கடல் தாண்டிப் போனதை நகரத்தில் சேர்த்தீர்கள். தரை வழியால் ஒரு மணித்தியாலத்தில் வருகிற எங்கள் ஊரைச் சேர்க்க மனம் வரவில்லை.

கொட்டடியான்:
பருத்தித்துறைக் கதையைப் பிறகு பார்க்கலாம் பிள்ளை, எப்போதும் உங்கள் வடமராட்சிப் பக்கத்தை நடுவில் கொண்டுவந்து போடுவீர்கள். தம்பி இன்னும் பஸ் நேரம் சொல்லவில்லை. அதற்குள் நான் இன்னொன்று கேட்க வேண்டும். நூலகத்தைப் பற்றி "அழகான வெள்ளைக் கட்டடம்" என்று ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். 1981இல் 97,000 புத்தகங்கள் எரிந்த இடம் அது. ஓலைச் சுவடிகள், வேறெங்கும் பிரதி இல்லாத பழைய நூல்கள், எல்லாம் சாம்பலான இடம். அந்த வாசலில் நின்ற ஆளுக்குக் கட்டடத்தின் நிறம்தான் தெரிந்ததா? அவசரமாக வந்து அவசரமாகப் போகிறவர்களுக்கு இதுதான் நடக்கும்.

அடையாறு_வாசி:
இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1981 எனக்குத் தெரியும், சிறு வயதிலிருந்தே வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறேன். கூட வந்த நண்பர் கண்டிக்காரர், சிங்களவர், அவருக்கு அது முழுதாகத் தெரியாது. சரஸ்வதி சிலைக்குப் பக்கத்தில் நின்றுதான் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதைப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை" என்றார். அப்புறம் வெகு நேரம் அந்தப் படிக்கட்டை விட்டு நகரவில்லை. அவருடைய அந்த நேரத்தை எல்லோரும் படிக்கிற பயணக் கதையில் போட மனம் வரவில்லை, அதனால் ஒரு வரியோடு விட்டேன். ஒரு வரி எழுதினால் ஒன்றும் தெரியாதவன் என்று நீங்களே முடிவு கட்டுவது நியாயமா?

கொட்டடியான்:
நல்லது, நண்பருக்குச் சொன்னது நல்ல வேலை. எத்தனை மணி பஸ்?

பனிநாட்டான்:
கனடா, ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். இதையெல்லாம் வாசிக்க மனம் வலிக்கிறது. நாங்கள் வெளிக்கிட்ட காலத்தில் கொழும்புக்குப் போக றெயின் இல்லை, ஆனையிறவுப் பாதை பூட்டு, இரவில் கிளாலிக் கடலில் வள்ளத்தில் குனிந்து இருந்து, எந்தப் பக்கத்தால் வெடி வரும் என்று தெரியாமல் கடந்தோம். யாழ்தேவி றெயின் 1990இல் நின்றது, யாழ்ப்பாணம் வரைக்கும் திரும்ப ஓட 2014 ஆனது. இன்றைக்கு இரவு பஸ்ஸில் நித்திரைகொண்டு வந்து, இரண்டு நாளில் பார்த்து முடித்துவிட்டேன் என்று எழுதுகிறார்கள். நான் ஊருக்கு வந்தால் ஒரு மாதம் நிற்பேன், அதுவும் போதாது.

வேலணையூரான்:
அண்ணை, நீங்கள் ஒரு மாதம் நின்று செய்வதை நாங்களும் பார்க்கிறோம். வாடகைக்கு வானைப் பிடித்து, கேட்ட காசைக் கொடுத்து, குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டுப் போகிறீர்கள். உங்களால்தான் இங்கே ஓட்டோக்காரன் பக்கத்துச் சந்திக்கும் வெளிநாட்டு விலை கேட்கிறான். நல்லூர் இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு நீங்கள் வந்து இறங்கினால் எங்களுக்குத் தங்க அறை கிடைப்பதில்லை. இந்தத் தம்பியாவது லைன் பஸ்ஸில் சனத்தோடு சனமாகப் போனார்.

பனிநாட்டான்:
நாங்கள் அனுப்பிய காசில்தான் பாதி ஊர் சாப்பிட்டது. கோயில் கோபுரங்களில் யாருடைய காசு இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

வேலணையூரான்:
கோபுரத்தில் பெயர் வெட்டிப் போட்டிருக்கிறீர்கள், பார்க்காமல் இருக்க முடியுமா?

பருத்தித்துறைப்பிள்ளை:
ஒருவரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. நாகபூசணி அம்மனைக் கும்பிட்ட அதே நாளில் நண்டுக் கறி சாப்பிட்டதாக எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அம்மன் கோயிலுக்குப் போன நாளில் மீன் மச்சம் அடுப்பில் ஏறாது. அதுவும் அமுதசுரபி மண்டபத்தில் மத்தியானம் அன்னதானம் போடுகிறார்கள். வாழையிலையில் சோறும் சாம்பாரும் போட்டு, யார் எவர் என்று கேட்காமல் வந்த எல்லோருக்கும் கொடுக்கிற சாப்பாடு. அதை விட்டுவிட்டு நண்டுக்காக ஓடி வந்தாராம்.

அடையாறு_வாசி:
நண்டு சாப்பிட்டது என் சொந்த விஷயம் அக்கா. என் நண்பர் யாழ்ப்பாண நண்டைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசையோடு வந்தார், அவருக்கு அதை வாங்கிக் கொடுக்காமல் விட எனக்கு மனம் இல்லை.

கொட்டடியான்:
பிள்ளை, இப்போது நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். அன்னதானம் மத்தியானப் பூசைக்குப் பிறகு. மத்தியானப் பூசை பார்த்தவர் ஒன்றரைக்கு ரவுணில் இருக்க ஏலாது. ஆகவே அவர் பூசை பார்க்கவில்லை. பூசை பார்க்காமல் வாசலைப் பார்த்துவிட்டு வந்ததற்குப் பெயர் நயினாதீவு பார்த்ததா? வரும்போது படகின் கீழ்த்தட்டில் குனிந்து இறங்கி, டீசல் மணத்துக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க இருந்து, அலை பலகையில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டு, ஒரு கிழவி "அம்மாளாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவாள், அந்தப் பயணம் கோயிலில் பாதி. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு போய் வருகிறவர்களுக்கு அது கிடைக்காது. சரி, பஸ் நேரம்?

அடையாறு_வாசி:
ஆறரை மணிக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டோம். கூட்டம் இருந்தது, ஆனால் முதல் படகுகளிலேயே இடம் கிடைத்தது. அம்மன் கோயிலில் நிதானமாகவே கும்பிட்டோம், விகாரை வரைக்கும் நடந்தும் போனோம். திரும்பும்போது குறிகட்டுவானில் பஸ் புறப்படச் சுணங்கியது, அதே படகில் வந்த ஒரு குடும்பம் தங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து கோட்டைப் பக்கம் இறக்கிவிட்டார்கள். காசு கொடுத்தும் வாங்கவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்கள்.

கொட்டடியான்:
வான்! எல்லோரும் வாசியுங்கள். பஸ்ஸில் போய் வந்ததாக எழுதியவர் இப்போது வானில் வந்தேன் என்கிறார். நான் முதலே சொன்னேன், பஸ்ஸில் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்ப ஏலாது. வானில் வந்தால் யாரும் வரலாம், நானும் வருவேன். இதை வாசித்துவிட்டு நாளைக்கு யாரோ ஒரு வயதான ஆள் பஸ்ஸை நம்பிப் போய், வெயிலில் குறிகட்டுவானில் நின்று, பின்னேர றெயினைத் தவறவிட்டால் பதில் சொல்வது யார்?

அடையாறு_வாசி:
"பஸ்ஸில் நயினாதீவு போய்" என்றுதான் எழுதினேன், போனது பஸ்ஸில்தான். வந்ததைப் பற்றி "வந்துவிட்டோம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மறுபடி படியுங்கள்.

வேலணையூரான்:
பஸ்ஸிலேயே வந்திருந்தாலும் இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருப்பார், அவ்வளவுதான். இரண்டு மணிக்குச் சாப்பிட்டாலும் அது மத்தியானச் சாப்பாடுதானே அண்ணை. கொட்டடியில் மத்தியானம் பன்னிரண்டு அடித்தவுடன் முடிந்துவிடுமா?

கொட்டடியான்:
எங்கள் வீட்டில் பன்னிரண்டரைக்குச் சோறு. என் தகப்பன் காலத்திலிருந்து அப்படித்தான்.

பனிநாட்டான்:
கோபுரத்தில் பெயர் வெட்டியது பற்றிச் சொன்னவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை, எழுதுவேன்.

பருத்தித்துறைப்பிள்ளை:
தம்பி அடுத்தமுறை வந்தால் எங்கள் பக்கம் வரட்டும். பஸ்ஸில் வல்லை வெளியைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் காற்று அடிக்கிற அடி, அதற்கே ஒரு முறை வரலாம்.

அடையாறு_வாசி:
அடுத்தமுறை நெடுந்தீவு போவதாக இருக்கிறோம் அக்கா. நண்பருக்குக் குதிரைகளையும் அந்தப் பெருக்க மரத்தையும் பார்க்க வேண்டுமாம். அதுவும் ஒரு சனி ஞாயிறுக்குள் முடியும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

வேலணையூரான்:
தாராளமாக முடியும். விடிய முதல் படகைப் பிடித்தால் நெடுந்தீவு பார்த்து, திரும்பி வரும்போது நயினாதீவுக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு இரவுக்கு ரவுணுக்கு வந்துவிடலாம்.

கொட்டடியான்:
ஒரே நாளில் இரண்டு தீவா? குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கடலில் மட்டும் ஒரு மணித்தியாலம். அங்கே இறங்கினால் கல்வேலிகளுக்கு நடுவே கோட்டை ஒரு பக்கம், குதிரைகள் நிற்கிற வெளி இன்னொரு பக்கம். பின்னேரத்தில் திரும்புகிற படகைத் தவறவிட்டால் அன்றிரவு அங்கேதான் படுக்கை. வேலணைத் தம்பி, உங்கள் ஊர் என்பதற்காக வாயில் வந்ததை எல்லாம் எழுத வேண்டாம். நெடுந்தீவிலிருந்து எத்தனை மணிப் படகு, நயினாதீவுக்கு எத்தனை மணிப் படகு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஒவ்வொன்றாக எழுதுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.

வேலணையூரான்:
எழுதுகிறேன். அதற்கு முதல், நெடுந்தீவுக்கு நீங்கள் எப்போதாவது போயிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதுங்கள்.