புதுப்பிப்பு: டாங்கி நீர்மட்டத்திலிருந்து ஓட்டவேகம்

மொரீஷியஸின் ரோஸ் ஹில் வீட்டு மொட்டைமாடி டாங்கியில் மீயொலி சென்சார்: ஒலி அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்து நீர்ப்பரப்பு வரையுள்ள தூரத்தை அளக்கும். குழாய் மூடியிருந்தும் நிமிஷத்துக்கு 200 லிட்டர் ஓடுவதாகக் கணக்கு காட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சென்சார் பழுதில்லை. அடுத்தடுத்த நீர்மட்டங்களைக் கழித்து வேகம் எடுத்தேனே, அந்தக் கழித்தல்தான் வில்லன்.

ஒவ்வொரு அளவிலும் இரைச்சலின் (தற்செயல் ஏற்ற இறக்கத்தின்) திட்டவிலக்கம், அதாவது வழக்கமான சிதறல், 3 மி.மீ. விநாடிக்கு ஓர் அளவு. அடுத்தடுத்த இரண்டைக் கழித்தால் பிழை 3 × √2, அதாவது விநாடிக்கு 4.2 மி.மீ. டாங்கியின் பரப்பு 0.8 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், அதே 200 லிட்டர்!

இப்போது கடைசி 61 அளவுகளுக்கு மீச்சிறு வர்க்க நேர்கோடு (எல்லாப் புள்ளிகளுக்கும் மிக நெருக்கமாகச் செல்லும் கோடு) பொருத்தி, அதன் சரிவை, அதாவது நீர்மட்டம் மாறும் வேகத்தை, எடுக்கிறேன். பிழை விநாடிக்கு 0.022 மி.மீ.க்கு இறங்கியது, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர். இதற்கு விலை தாமதம்: கிடைப்பது 30 விநாடிக்கு முந்தைய வேகம். பம்பை நிறுத்த இது ஆகாது, கசிவு பார்க்கத் தாராளம்.

மூன்று இடத்தில் சறுக்கும்:

தண்ணீர் விழும்போது அலையடித்து வரும் தாவல் அளவுகளை அடுத்தடுத்த 5 அளவின் இடைநிலையால் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) முதலிலேயே வடிகட்டுங்கள். சரிவு எடுத்தபின் செய்தால் ஒரே தாவல் 61 விடைகளையும் கெடுத்திருக்கும்.

வைஃபை அறுந்தால் இடைவெளி 1 விநாடியாக இருக்காது. ஒவ்வோர் அளவும் எடுத்த உண்மையான நேரமுத்திரையையே கணக்கில் போடுங்கள்.

ஜனவரி வெயிலில் டாங்கிக் காற்று 10 டிகிரி சூடேறினால் ஒலிவேகம் சுமார் 1.7% கூடும். எதிரொலி சீக்கிரம் வருவதால் 60 செ.மீ. தூரம் 1 செ.மீ. குறைவாகப் பொய் காட்டும், காலையில் தண்ணீர் தானாக ஏறுவதுபோல் தெரியும். வெப்பநிலைத் திருத்தம் இன்னும் சேர்க்கவில்லை.