1917 பெத்ரோகிராதுக்கு 'இரட்டை ஆட்சி' பொருந்துமா? ஒரு கலைச்சொல் விவாதம்

குழுவினருக்கு வணக்கம்.

அரசியல் அறிவியல் கலைச்சொல் பட்டியலில் புரட்சி தொடர்பான பகுதியைச் சரிபார்க்கும்போது 'டூயல் பவர்' என்பதற்கு நேரே 'இரட்டை ஆட்சி' என்று இருப்பதைப் பார்த்தேன். இதை எடுத்துவிட வேண்டும்.

தமிழ்ப் பாடநூலில் வரலாறு படித்தவருக்கு 'இரட்டை ஆட்சி' என்றதும் இரண்டுதான் நினைவுக்கு வரும். ஒன்று, 1765-இல் கிளைவ் வங்காளத்தில் கொண்டுவந்தது: வரி வசூல் கம்பெனிக்கு, நிர்வாகச் சுமை நவாபுக்கு. மற்றது 1919 சட்டப்படி மாகாணங்களில் வந்தது: கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை அமைச்சர்களிடம், நிதி, போலீஸ், நிலவரி ஆகியவை கவர்னரின் நிர்வாகக் குழுவிடம். எது யார் கையில் என்பது இரண்டிலும் மேலிருந்தே வகுக்கப்பட்டுவிட்டது. சண்டை வந்தால் தீர்த்துவைக்க மேலே ஒருவர் இருந்தார்.

அன்றைய ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதில் அப்படி மேலே யாரும் இல்லை. பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி பிப்ரவரி 27 அன்று நகரில் நிறுத்தப்பட்டிருந்த ராணுவம் கலகம் செய்தது. அன்று மாலைக்குள் தவ்ரிதா அரண்மனையின் ஒரு சிறகில் டூமா (ரஷ்ய நாடாளுமன்றம்) உறுப்பினர்களின் தற்காலிகக் குழுவும், மறு சிறகில் தொழிலாளர் பிரதிநிதிகளின் சோவியத்தும் (மன்றமும்) உட்கார்ந்துவிட்டன. மார்ச் 2-இல் இளவரசர் லிவோவ் தலைமையில் இடைக்கால அரசு வந்தது. அமைச்சகங்களும் தூதரகங்களும் வெளிநாட்டு அங்கீகாரமும் அதனிடம். சிப்பாய்களும் ரயிலும் தபால் தந்தியும் சோவியத்தின் சொல்லைக் கேட்டன. சோவியத் அனுமதிக்கும் அளவுக்குத்தான் தன் உத்தரவு செல்லுபடியாகிறது என்று போர் அமைச்சர் குச்கோவே மார்ச் 9-இல் தளபதி அலெக்சேயெவுக்கு எழுதினார்.

ரஷ்ய மூலச்சொல் 'த்வொயெவ்லாஸ்தியெ'. அதிலுள்ள 'விளாஸ்த்' அதிகாரத்தையும் குறிக்கும், ஆட்சியாளரையும் குறிக்கும். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதால், எதைப் பிடிப்பது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. நான் 'அதிகாரம்' பக்கம். சோவியத் ஆளவில்லை, ஆனால் அதிகாரம் அதனிடம் இருந்தது.

இடதுசாரி வட்டத்தில் புழங்கும் 'இரட்டை அதிகாரம்' இதைவிட மேல். ஆனாலும் 'இரட்டை' என்றால் சோடி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற இரண்டு என்ற தொனி வருகிறது. இரட்டை மாட்டு வண்டியில் மாடுகள் ஒரே திசையில்தானே போகும்? வேறு யோசனைகள் வரட்டும்.

செ.

*

செ. அவர்களுக்கு,

'இரட்டை ஆட்சி' வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. இலங்கைப் பாவனை பற்றி ஒரு குறிப்பு மட்டும். நீங்கள் 'இறையாண்மை' என்று எழுதுவதை நாங்கள் 'இறைமை' என்போம். எமது அரசியலமைப்பின் தமிழ் வடிவிலும் அதுவே. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டில்லி 1978-இல் இக்கருத்தை விரித்து, ஒரே ஆள்புலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தரப்புகள் அரசாங்கத்தின் மீது முழு உரிமை கோருவதையே புரட்சிச் சூழலின் அடையாளமாக வைத்தார். அதற்கு 'பல்லிறைமை' எனலாம். அந்த வழியில் இதற்கு 'ஈரிறைமை' பொருந்துமா?

'அதிகாரப் பகிர்வு', 'அதிகாரப் பிரிவு' என்பவற்றின் சாயல் மட்டும் வரவே கூடாது. முன்னது மாகாண சபைகளைப் பற்றியது, பின்னது சட்டவாக்கம், நிறைவேற்றுத்துறை, நீதித்துறை பற்றியது. இரண்டும் எம்மிடம் ஆழ வேரூன்றியவை.

ந.

*

> சோவியத் ஆளவில்லை. ஆனால் அதிகாரம் அதனிடம் இருந்தது.

இங்கேதான் என் மறுப்பு. சொல் 1917-க்கு மட்டும் தைத்த சட்டையாக இருக்கக் கூடாது. 1917 புரட்சியின் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கியே இந்தக் கருத்தைப் பின்னோக்கி இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நீட்டினார். அங்கே வைத்துப் பார்ப்போம்.

1642 மார்ச்சில் நாடாளுமன்றம் மன்னரின் ஒப்புதல் இல்லாமலே மிலிஷியா (உள்ளூர்ப் படை) ஆணையைப் பிறப்பித்தது. சார்லஸ் மன்னர் பதிலுக்குத் தன் பெயரில் படைதிரட்டும் ஆணைகளை மாவட்டந்தோறும் அனுப்பினார். ஒரே ஊர்க்காரனுக்கு இரண்டு அழைப்பு: ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் மற்றதற்குத் துரோகி. ஏப்ரல் 23 அன்று ஹல் நகரின் ஆயுதக் கிடங்கைத் தேடி மன்னர் நேரில் போனபோது, ஆளுநர் ஹாத்தம் கதவைத் திறக்கவில்லை. நாடாளுமன்றம் போட்ட உத்தரவு அவரிடம் இருந்தது.

பாரீசில் 1792 ஆகஸ்ட் 10-க்குப் பிறகு கிளர்ச்சிக் கம்யூனும் (நகர மன்றம்) சட்டமன்றமும். கம்யூனைக் கலைக்கச் சட்டமன்றம் ஆகஸ்ட் 30-இல் ஆணையிட்டது. அந்த ஆணை நிற்கவில்லை.

இவை 'போட்டி அதிகாரம்'. தமிழில் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை: போட்டி வேட்பாளர், போட்டி பொதுக்குழு, 'போட்டி அரசாங்கம் நடத்துகிறார்' எல்லாம் அன்றாடம் பத்திரிகையில் வருபவை. வாசிப்பவருக்கு விளக்கவுரை தேவைப்படாது. 'ஈரிறைமை', 'ஈரதிகாரம்' மாதிரி ஈர் போட்டுச் சேர்ப்பவை அகராதியில் அழகாக இருக்கும், வாயில் வராது. அதிலும் 'ஈரதிகாரம்' என்றால் குறளில் இரண்டு அதிகாரம் மனப்பாடம் செய்யச் சொன்னது போல இருக்கிறது.

மா.

*

மா., குறள் அடி சரியாகவே விழுந்தது. 'ஈரதிகாரம்' பட்டியலிலேயே இல்லை.

> இவை 'போட்டி அதிகாரம்'.

ஹல் கோட்டை வாசலுக்கு இது கச்சிதம். தவ்ரிதா அரண்மனைக்குப் பொருந்தவில்லை. 'போட்டி' என்றால் இருவரும் ஒரே நாற்காலியைக் கேட்க வேண்டும். 1917 மார்ச்சில் சோவியத்தை நடத்திய மிதவாத சோஷலிஸ்ட் கட்சிகளான மென்ஷெவிக்குகளும் சோஷலிஸ்ட் புரட்சியாளர்களும் நாற்காலியே வேண்டாம் என்றார்கள். முதலாளி வர்க்கப் புரட்சியில் ஆட்சி முதலாளி வர்க்கத்துக்கே என்பது மென்ஷெவிக்குகளின் கோட்பாடு. ஆகவே நிபந்தனை போட்டு ஆதரித்தார்கள்: அரசு எந்த அளவுக்குப் புரட்சியின் பாதையில் போகிறதோ அந்த அளவுக்கு. கெரென்ஸ்கி ஒரே நேரத்தில் சோவியத்தின் துணைத்தலைவர், இடைக்கால அரசின் நீதி அமைச்சர். போட்டியாளர்கள் இப்படி ஆளைப் பகிர்ந்துகொள்வதில்லை.

போட்டிக்கான கருவி மட்டும் முதல் நாட்களிலேயே தயார். மார்ச் 1 தேதியிட்ட ஆணை எண் 1-ஐ வரி வரியாகப் பாருங்கள். ஒவ்வொரு படைக் கம்பெனியிலும் பட்டாளத்திலும் கீழ்நிலைச் சிப்பாய்கள் தங்கள் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டூமாவின் ராணுவக் குழு போடும் உத்தரவு சோவியத்தின் உத்தரவுக்கு முரண்படாத வரையில்தான் நிறைவேற்றப்படும். துப்பாக்கிகளும் எந்திரத் துப்பாக்கிகளும் குழுக்களின் பொறுப்பில்; அதிகாரி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. 'மேதகு' வகைப் பட்டங்கள் ஒழிந்தன. சிப்பாயை 'நீ' என்று விளிக்கவும் தடை, 'நீங்கள்'தான். (இந்தக் கடைசிச் சங்கதியை மொழிபெயர்க்க ஆங்கிலம் திணறும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.)

இதன் விளைவு ஏப்ரலில் தெரிந்தது. போரைத் தொடர்வோம் என்று வெளியுறவு அமைச்சர் மில்யுகோவ் நேச நாடுகளுக்கு அனுப்பிய குறிப்பை எதிர்த்து ஏப்ரல் 20, 21-இல் வீதியில் கூட்டம். தலைநகர்ப் படைத்தளபதி கொர்னீலொவ் பீரங்கிகளை வெளியே எடுக்க முயன்றார். சோவியத் செயற்குழுவின் தாளில், அதன் முத்திரையுடன், பெயர் குறிப்பிட்ட உறுப்பினர்களில் குறைந்தது இருவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் படையும் தெருவுக்கு வரக் கூடாது என்று சோவியத் அறிவித்தது. படை நகரவில்லை. இதே உத்தியை லெனினின் போல்ஷெவிக்குகள் அக்டோபர் 22-இல் சோவியத்தின் ராணுவப் புரட்சிக் குழுவின் பெயரில் கையாண்டார்கள்: எங்கள் கையெழுத்தில்லாத உத்தரவு செல்லாது. ஏப்ரலில் அந்தக் கையெழுத்து அரசைத் தாங்கிப் பிடித்தது, அக்டோபரில் கவிழ்த்தது. இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டும். 'போட்டி' அக்டோபருக்கு மட்டும்தான் வரும்.

ந. அவர்களின் 'பல்லிறைமை'யை அப்படியே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு முறைப்படி 'பல்லிறையாண்மை' என்றால் நீளம், பல்லை உடைக்கும். ஆனால் டில்லியின் கருத்தையும் இதையும் ஒன்றாக்க வேண்டாம். அவர் சொல்லும் உடனடிக் காரணங்கள் மூன்று: அரசாங்கத்தின் மீது மாற்று உரிமை கோருபவர் தோன்றுவது, மக்களில் கணிசமான பகுதி அந்தக் கோரிக்கையின் பின்னே நிற்பது, அதை அடக்க அரசால் இயலாமல் போவது அல்லது அது விரும்பாதது. 1917 மார்ச்சில் இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தன. முதலாவதை, அதாவது உரிமை கோருவதை, சோவியத் தலைமை செய்யவில்லை. லெனின் ஏப்ரலில்தான் அதைச் செய்யச் சொன்னார். 'ஈரிறைமை' என்றால் இந்த இடைவெளி மறைந்துவிடும்.

'இணை அதிகாரம்' என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். இணை இயக்குநர், இணைப் பேராசிரியர் எல்லாம் இருக்கிற நாட்டில் அது ஒரு படி கீழான பதவியாகிவிடும்.

என் முன்மொழிவு 'அதிகார இருமை'. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'பிப்ரவரி முதல் நீடித்த அதிகார இருமை', 'அதிகார இருமைக் காலம்', 'ஜூலை நிகழ்ச்சிகளோடு அதிகார இருமை முடிந்தது என்றார் லெனின்'. எங்கும் தடுக்கவில்லை.

செ.

*

'இருமை' என்றதும் 'இருமை வகைதெரிந்து' என்ற குறள் நினைவுக்கு வருகிறது, இம்மை மறுமை. தத்துவத்தில் இருமைவாதமும் இருக்கிறது. ஆனால் முன்னால் 'அதிகார' ஒட்டியிருக்கும்போது அந்தக் குழப்பம் வராது; ஒப்புக்கொள்கிறேன். ஹல் வாசலுக்கும் பொருந்துகிறது.

ஈரானையும் சோதித்துவிடுங்கள். 1979 பிப்ரவரி 5-இல் கொமெய்னி பசர்கானைப் பிரதமராக அறிவித்தார். ஷா நியமித்த பக்தியார் 11 வரை பதவியில். அந்த வாரம் இரண்டு பிரதமர். அது என் 'போட்டி அதிகாரம்'; பட்டியலில் 'போட்டி அரசு' என்றே வைக்கலாம். பிறகு பசர்கான் அமைச்சரவை ஒருபுறம், புரட்சி மன்றமும் பள்ளிவாசல்களைச் சுற்றி முளைத்த கொமிதேக்களும் (உள்ளூர்ப் புரட்சிக் குழுக்கள்) மறுபுறம். கைது செய்வது கொமிதே, பதில் சொல்வது பிரதமர். நவம்பர் 6-இல் அவர் விலகும் வரை இருந்தது உங்கள் 'அதிகார இருமை'. இரண்டு சொல்லும் பட்டியலில் இருக்கட்டும், தனித்தனி உள்ளீடாக.

மா.

*

எனக்கும் சம்மதம். உள்ளீடு இப்படி:

அதிகார இருமை: பழைய அரசு வீழ்ந்த அல்லது தளர்ந்த பின், ஒரே ஆள்புலத்தில் இரண்டு மையங்களுக்கு மக்கள் கீழ்ப்படிவதும், அவற்றுக்கிடையே தீர்ப்புச் சொல்ல மேலான அமைப்பு எதுவும் இல்லாததுமான இடைக்கால நிலை. 'இரட்டை ஆட்சி' (வங்காளம் 1765, மாகாணங்கள் 1919) வேறு. 'போட்டி அரசு', 'பல்லிறைமை' காண்க.

'ஆள்புலம்' தமிழ்நாட்டில் புரியாது என்றால் 'ஆட்சிப்பரப்பு' என மாற்றிக்கொள்ளுங்கள்.

ந.