போர்க்கால இஸ்ஃபஹானில் ஒரு கான்சல்: கோப்பில் படித்தவர்கள், நேரில் போனவர்கள் பகிரவும்

இழையைத் தொடங்கியவர்:

கத்தார் டிஜிட்டல் நூலகத்தில் மேயும் பழக்கம் இங்கே சிலருக்கு உண்டு என்று தெரியும். லண்டனில் கிடக்கும் இந்தியா ஆபீஸ் கோப்புகளில் வளைகுடா, பாரசீகம் (இன்றைய ஈரான்) தொடர்பானவற்றைத் தாள் தாளாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள், காசில்லாமல். நான் போனது ஈரானின் தென்கரையில் உள்ள பூஷேர் துறைமுகத்துச் சரக்குக் கணக்குக்காக. மூன்றாம் நாள் பார்த்தால், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் இருந்த பிரிட்டிஷ் கான்சலின், அதாவது பிரிட்டன் அங்கே வைத்திருந்த அரசுப் பிரதிநிதியின், நாட்குறிப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன்.

நாட்குறிப்பு என்றதும் சொந்தக் கதை என்று நினைக்க வேண்டாம், அலுவல் காகிதம்தான். கவர்னர் யாரோடு நெருக்கம், எந்தச் சாலையில் வழிப்பறி, பக்தியாரி மலைக்குடித் தலைவர்களில் யாருக்கு யாரைக் கண்டால் ஆகாது, கோதுமை என்ன விலை, மழை உண்டா. நம் தாலுகா ஆபீஸ் கோப்புகளைப் புரட்டியவர்களுக்கு அந்த நடை உடனே பிடிபடும்.

முதலில் நான் ஏமாந்த கதை. இந்த வகைக் காகிதங்களில் தானிய அளவு ‘மான்ட்’ என்று வரும். நம் மணங்குதானே என்று நானாக முடிவு செய்துவிட்டேன். சென்னை மணங்கு 25 ராத்தல், அதாவது பதினோரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கணக்கில் பார்த்தால் பஞ்சத்தில் அடிபட்ட ஊரில் கோதுமை படு மலிவு! இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் புரிந்தது. பாரசீகத்து ‘மன்’ ஊருக்கு ஊர் வேறு. தப்ரீஸ் மன் ஏறக்குறைய 3 கிலோ. ஷா மன் அதற்கு இரண்டு மடங்கு. இந்தியப் பழக்கத்தில் எழுதியவர்கள் எல்லாவற்றையும் ‘மான்ட்’ ஆக்கிவிட்டார்கள். விலையைத் திரும்பப் போட்டதும் வயிற்றைக் கலக்கியது.

பின்னணி தெரியாதவர்களுக்கு: 1941 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனும் சோவியத்தும் இரண்டு பக்கமிருந்தும் ஈரானுக்குள் நுழைந்தன. தெற்கே இறங்கிய படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். மூன்று வாரத்தில், செப்டம்பர் 16 அன்று, ரெஸா ஷா முடி துறந்தார். அதுவரை அவருக்குப் பயந்து அடங்கியிருந்த மலைக்குடித் தலைவர்கள் ஊர் திரும்பித் துப்பாக்கி சேர்க்க ஆரம்பித்தார்கள். இஸ்ஃபஹானில் நெசவாலைகள், ஆலைத் தொழிலாளர்கள், ஆர்மேனியர்கள், மதகுருக்கள், சுற்றிலும் பக்தியாரி, கஷ்காய் மக்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு கான்சல், கொஞ்சம் எழுத்தர்கள்.

அவருக்கு இட்ட வேலை ஜெர்மன் ஒற்றர்களைக் கண்காணிப்பது. ஆனால் எங்கே தொடங்கினாலும் விஷயம் ரொட்டியில்தான் வந்து நிற்கிறது. பதுக்குகிற நிலக்கிழார், லஞ்சம் வாங்கும் அதிகாரி, மாவில் கலப்படம் செய்யும் ரொட்டிக்கடைக்காரர் என்று அந்தக் காலப் பிரிட்டிஷ் அதிகாரிகள் சலிக்காமல் விரல் நீட்டுவார்கள். பொய் இல்லை, பதுக்கல் நடந்தது. ஆனால் போருக்கு முன் பவுண்டுக்குச் சுமார் 70 ரியால். படைகள் வந்தபின் அது 140-ஐத் தொட்டது. அவர்கள் பவுண்டு இரட்டிப்பாக வாங்கியது, ஊர்க்காரன் ரியால் பாதியானது. ரஷ்யாவுக்குத் தளவாடம் ஏற்ற லாரிகளையும் ரயிலையும் எடுத்துக்கொண்டார்கள்; கோதுமை ஏற்ற வண்டி இல்லை. வடக்கே ஈரானின் அஜர்பைஜான் மாகாணத்து விளைச்சல் சோவியத் கையில். கடைக்காரரின் தராசு வரைக்கும் எட்டிய பார்வை, தங்கள் லாரியின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. எனக்கு இதுதான் இந்தக் காகிதங்களின் ருசி. தெஹ்ரானில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ரீடர் புல்லார்டுக்கு ஈரானியர்மேல் இருந்த இளக்காரத்தைப் பார்த்து சர்ச்சிலே குறைப்பட்டுக்கொண்டார் என்றால் பாருங்கள்.

1942 டிசம்பர் 8 அன்று தெஹ்ரானில் ரொட்டிக் கலவரம். பிரதமர் கவாமின் வீட்டைச் சூறையாடினார்கள். அதே டிசம்பரில் இஸ்ஃபஹானில் ஒரு நாடகம். அங்கிருந்த படைத்தலைவர் ஜெனரல் ஜாஹெதி, ஜெர்மன் ஒற்றர் ஃபிரான்ஸ் மையரோடு தொடர்பில் இருந்ததாகப் பிரிட்டிஷாருக்கு நம்பிக்கை. தானியம் பதுக்குகிறார் என்பதும் அவர்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று. ஃபிட்ஸ்ராய் மக்லீன் என்ற இளம் அதிகாரி, பாக்தாத்திலிருந்து வந்த பிரிகேடியர் மரியாதைக்குப் பார்க்க வருகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே போய்த் துப்பாக்கியை நீட்டினார். ஸ்காட்லாந்துச் சிப்பாய்களை லாரிகளில் ஒளித்து வைத்திருந்தார்கள். ஜெனரலைக் காரில் ஏற்றி, ஊருக்கு வெளியே நின்ற விமானத்தில் பாலஸ்தீனத்துக்கு அனுப்பியாகிவிட்டது. படுக்கையறையில் ஜெர்மன் துப்பாக்கிகளும் அபினும் இருந்தனவாம். கான்சல் கால்ட் இந்தத் திட்டத்துக்கு உடந்தை.



வேறு ஊர்க் கான்சல்களைப் படித்தவர்கள் எழுதுங்கள்.

ஷீராஸ் பற்றி ஒருவர்:

அண்ணா, உங்கள் கான்சலாவது ஜெனரலைப் பிடித்தார். எங்கள் ஷீராஸ் கான்சலையே பிடித்துக்கொண்டு போனார்கள், முதல் உலகப் போரில்.

நான் பட்டமேற்படிப்பு படித்தபோது தெற்குப் பாரசீகம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் மாட்டியவர் ஃபிரெடரிக் ஓகானர். 1904-இல் லாசா வரை போன படையில் இருந்தவர். 1915-இல் ஷீராஸ் கான்சல். அந்தச் செப்டம்பரில் அவருடைய துணைக் கான்சல் குலாம் அலி கான் நவாபைச் சுட்டுக் கொன்றார்கள். நவம்பரில் ஜாந்தார்மே என்ற பாரசீகச் சாலைக்காவல் படை கான்சலகத்தைச் சுற்றிக்கொண்டது. அந்தப் படையை ஸ்வீடன் நாட்டு அதிகாரிகள் நடத்திவந்தார்கள், ஜெர்மனிப் பக்கம் சாய்வு. ஓகானர், வங்கிக்காரர், தந்தி ஆபீஸ்காரர்கள் எல்லாரையும் மலை இறக்கிக் கடலோரம் கொண்டுபோனார்கள். பெண்களைப் பூஷேருக்கு விட்டுவிட்டு, ஆண்களைப் பூஷேரை அடுத்த தங்கெஸ்தான் பகுதியில் அஹ்ரம் கோட்டையில் வைத்தார்கள். 1916 ஆகஸ்டில் கைதி மாற்றத்தில்தான் விடுதலை.

இதற்கெல்லாம் பின்னால் இருந்த ஜெர்மன் ஒற்றர் வாஸ்முஸ்ஸும் முன்பு பூஷேரில் ஜெர்மன் கான்சல். கான்சலுக்கு எதிராகக் கான்சல்! என் வழிகாட்டி அப்போது கேட்டது இன்னும் உறுத்துகிறது: ‘எல்லாம் வெள்ளைக்காரன் கதையாகவே இருக்கிறதே, தங்கெஸ்தானிகள் எங்கே?’ திரும்பத் தேடினேன். ஊர்க்காரர் கண்ணில் அவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர். 1915-இல் பிரிட்டிஷார் பூஷேரைப் பிடித்ததற்காகச் சண்டையிட்டு மாண்ட ரயீஸ் அலி தெல்வாரி இன்றும் ஈரானில் வீரர். கோப்பு வேறு, ஊர் வேறு.

இஸ்ஃபஹான் போய்வந்தவர்:

நான் கோப்பெல்லாம் படித்தவள் இல்லை. சுற்றுலாவாகப் போனேன். இஸ்ஃபஹானின் ஆர்மேனியப் பகுதியான ஜுல்ஃபாவில் வாங்க் தேவாலயம் பார்த்த பிறகு ஆர்மேனியக் கல்லறைத் தோட்டத்துக்கு வழிகாட்டி கூட்டிப்போனார். அங்கே ஒரு மூலையில் போலந்துப் பெயர்கள், 1942, 1943 என்று வருடங்கள். சைபீரியாவிலிருந்து வந்த போலந்துப் பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் இந்த ஊரில் வளர்ந்தார்களாம். போலந்து அகதிகளில் ஒரு பகுதிதான் பிறகு நம் நாட்டில் ஜாம்நகர், கோலாப்பூர் பக்கம் வந்தது.

வழிகாட்டியின் தாத்தா அப்போது தெஹ்ரானில் இருந்தவர். ‘ஸிலோ ரொட்டி’ என்று ஒன்று கொடுத்தார்கள், கறுப்பாக, ஈரமாக, அதில் என்ன இருந்தது என்று கேட்கக் கூடாது என்பாராம். இந்தக் கதையைச் சொன்னபடியே சங்கக் ரொட்டி வாங்கித் தந்தார். கூழாங்கல்லில் சுடுவது, ஒரு கல் ஒட்டிக்கொண்டே வந்தது.

ஒரு சந்தேகம் அண்ணா: அந்த ஜாஹெதி, பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்த ஜாஹெதியா?

இழையைத் தொடங்கியவர்:

அதே ஆள்தான் தங்கச்சி. போர் முடியும்வரை அடைத்து வைத்திருந்தார்கள். 1953 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து நடத்திய கவிழ்ப்பில் அவரையே பிரதமராக்கினார்கள். பதுக்கல் புகார் அதற்குள் ஆறிப்போயிருக்கும்.

ஷீராஸ்காரர் சொன்னதற்கு: உண்மைதான், என் பதிவிலும் இஸ்ஃபஹான்காரர் ஒருவர் குரல்கூட இல்லை. ஆலைத் தொழிலாளர்களின் வக்கீல் தகி ஃபதாகார், பதினான்காவது மஜ்லிஸுக்கு (ஈரான் நாடாளுமன்றம்) தேர்வானவர், அவரைப் பற்றி அடுத்து எழுதப் பார்க்கிறேன். மணங்குக் கணக்கில் வேறு யாராவது மாட்டியிருந்தால் சொல்லுங்கள், எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.