நிலாவில் ஆள் இறங்கிய அன்று: தாத்தா சொல்வது சரியா, தம்பி சொல்வது சரியா?

தோட்டத்துப் பேத்தி:
வணக்கம், நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தாத்தா 1969-ல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நிலாவில் காலை வைத்தது திங்கட்கிழமை காலையில், நான் வாளியோடு பால் எடுத்துக்கொண்டிருந்தேன், கிராணி (தோட்டத்து எழுத்தர்) ரேடியோவில் கேட்டு வந்து சொன்னார் என்கிறார். அன்று ராத்திரி லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் பாய் போட்டு எல்லாரும் நிலாவைப் பார்த்தார்களாம், "அவனுங்க அப்போ அங்கதான் இருந்தானுங்க" என்று அடித்துச் சொல்கிறார். தம்பி போனைக் காட்டி, ஜூலை 20 ஞாயிறு இரவு 10.56-க்கே இறங்கிவிட்டார்கள், தாத்தாவுக்கு மறந்துபோச்சு என்று சிரிக்கிறான். யார் சொல்வது சரி?

பழைய கடிகாரம்:
தாத்தாதான் சரி. 10.56 என்பது அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம். அப்போது நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால், எட்டு மணி ஆனது 1982-ல்தான். கணக்குப் போட்டால், ஈகிள் என்ற இறங்குகலம் நிலாவில் இறங்கியது நமக்கு 21-ஆம் தேதி விடியற்காலை 3.47, ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது காலை 10.26. திங்கட்கிழமை, பால் எடுக்கிற நேரமேதான்.

பிறைநிலா:
ஒன்று சேர்க்கிறேன். அவர் கால் வைத்தபோது நம் வானத்தில் நிலா இன்னும் உதிக்கவில்லை. ஆனால் ராத்திரி விஷயமும் உண்மைதான்! அமாவாசை முடிந்து ஒரு வாரம், பொழுது சாய்ந்தபோது பாதிக்குச் சற்றுக் குறைவான நிலா உச்சிக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். இரண்டு பேரும் அந்நேரம் ஈகிளுக்குள் ஓய்வில், ஆல்ட்ரின் தரையில் சுருண்டு, ஆம்ஸ்ட்ராங் எஞ்சின் மூடிமேல் சாய்ந்து, குளிரில் தூக்கமே சரியாக இல்லை. மூன்றாமவர் காலின்ஸ் மட்டும் தாய்க்கலத்தில் மேலே சுற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் கிளம்பியது நம் நேரம் செவ்வாய் அதிகாலை 1.24-க்கு, அதற்குள் நம் ஊரில் நிலா மறைந்திருக்கும்.

சந்தேகப் பேர்வழி:
எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்தது என்கிறார்களே?

பிறைநிலா:
அவர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிப் பெட்டியில் லேசர் அடித்து இன்றும் நிலா தூரத்தை அளக்கிறார்கள், ஸ்டூடியோவில் வைத்திருந்தால் அந்த ஒளி நிலாவிலிருந்து திரும்பி வராது அண்ணே. இதைவிட சுவாரசியமானது ரஷ்யாவின் லூனா 15 விண்கலம். மண் எடுத்து வர ஆளில்லாமல் அனுப்பியது, அமெரிக்கர்கள் அங்கே இருக்கும்போதே நிலாவில் மோதி நொறுங்கியது. நம் நேரம் அன்றிரவு 11.20, நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருந்த நேரம்.

தோட்டத்துப் பேத்தி:
படித்துக் காட்டினேன். தம்பி சத்தமே இல்லை. தாத்தா மட்டும், "ரஷ்யாக்காரன் விழுந்ததைக் கிராணி எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்று கோபப்படுகிறார்.