புதுப்பிப்பு: கம்பிரசர் பாதியில் நின்ற பிரச்சினை தீர்ந்தது

ஹட்டனில் வீட்டு வாசலில் வைத்து கார் டயருக்குக் காற்று அடிக்கும்போது, காரிலேயே செருகும் 12 வோல்ட் கம்பிரசர் (காற்றடிக்கும் கருவி) 24 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) தாண்டாமல் திணறி நிற்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பியூஸைப் பார்த்தேன், அது நன்றாகவே இருந்தது. கைகொடுத்தது, "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அடியுங்கள்" என்ற யோசனைதான். எஞ்சின் ஓடியதும் மோட்டாரின் சத்தமே மாறிவிட்டது. நாலைந்து நிமிடத்தில் 33 வந்தது. கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயருக்குச் சொல்லியிருக்கும் அளவும் அதுதான். ஆனால் திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய கராஜில் எஞ்சின் புகை உயிருக்கே ஆபத்து.

எதிர்பாராதது ஒன்று. மறுநாள் காலை பின்பக்க இடது டயர் மட்டும் 27. வால்வில் சவர்க்காரத் தண்ணீர் விட்டேன். நடுவிலிருந்து கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. உள்ளே இருக்கும் ஊசி தளர்ந்திருக்கிறது! டயர்க் கடையில் இறுக்கித் தந்தார்கள். பத்து நாளாகக் காற்று இறங்கவில்லை.

அப்புறம், காலையில் கார் எடுக்குமுன் அளந்து பாருங்கள். மலைப்பாதையில் ஓடிவந்த சூட்டில் மூன்று, நான்கு கூடுதலாகக் காட்டும். அடித்து முடித்ததும் குழாயின் பித்தளை முனை நன்றாகச் சுடும், துணியால் பிடித்துக் கழற்றுங்கள்.